சுரங்கத் தொழிலாளி நீதிபதியாக இருந்த ஊர்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் வாக்குச் சீட்டு என்பது ஒரு சின்னப் புத்தகத்துக்குச் சமம். மேலே அதிபர் வேட்பாளர்களில் தொடங்கி, கீழே போகப் போக யாரென்றே தெரியாத பெயர்கள் வரும். 2020 நவம்பரில் அது இன்னும் நீண்டிருந்தது. காரணம் ஒரு தீர்ப்பு. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களின் உரிமை பற்றிய ஓர் அரசியல் சாசனத் திருத்தத்தை 2018இல் ஒற்றை வரிக் கேள்வியாக அச்சிட்டு மக்களிடம் ஒப்புதல் வாங்கியிருந்தார்கள். முழு வாசகத்தையும் காட்டாமல் வாங்கிய ஒப்புதல் செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2019இல் அதை ரத்துசெய்துவிட்டது. அதனால் அடுத்த முறை திருத்தங்களின் முழுப் பாடத்தையும் பொடி எழுத்தில் அச்சிட்டுக் கையில் கொடுத்தார்கள். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. நான் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சீட்டில் இருந்த இரண்டாம் திருத்தம் உள்ளூர் நீதிமன்றங்களைப் பற்றியது. மாவட்ட நீதிபதிகளின் பதவிக்காலம் நான்கு ஆண்டிலிருந்து எட்டாக உயரும். அவர்கள் குறைந்தது எட்டு ஆண்டு வழக்கறிஞர் உரிமம் வைத்திருக்க வேண்டும் (அதுவரை இரண்டு ஆண்டு போதும்). அரசு வழக்கறிஞர்களின் பதவிக்காலமும் ஆறிலிருந்து எட்டாகும். மூன்று மாற்றங்கள், அவற்றுக்கு ஒரே ஒரு ஆம் அல்லது இல்லை. நான் இல்லை என்ற வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு வந்தேன். மாநிலமும் பெரிய வித்தியாசத்தில் இல்லை என்றது.

அந்த வாரம் திருநெல்வேலியில் இருக்கும் என் மாமாவிடம் பேசும்போது இதைச் சொன்னேன். முன்சீப் கோர்ட்டில் தொடங்கி ஒரு வாழ்நாள் முழுக்க வக்கீல் தொழில் பார்த்தவர். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஏன் மருமகனே, ஜட்ஜுக்கு என்ன தகுதி வேண்டும் என்பதை மளிகைக் கடைக்காரரிடமும் உன்னிடமுமா கேட்பார்கள்? ஆபரேஷன் எப்படிச் செய்வது என்று நோயாளிகளிடம் ஓட்டெடுப்பு நடத்துவார்களா?” என்றார். உடனே பதில் சொல்ல எனக்கு எதுவும் வரவில்லை. போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. வருடக்கணக்கில் கூடவே வந்தது.

காலை ஒன்பது மணிக் கூட்டம்

மாவட்ட நீதிமன்றம் என்றதும் நம் ஊர் ஜில்லா கோர்ட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். கென்டக்கியில் அது ஏணியின் கடைசிப் படி. வேக மீறல், குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, பன்னிரண்டு மாதம் வரை சிறை கிடைக்கக்கூடிய சிறு குற்றங்கள், 2,500 டாலர் வரையிலான சில்லறைக் கடன் வழக்கு, வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் வழக்கு, உயில், அடிக்கிற கணவனிடமிருந்து பாதுகாப்பு கேட்கும் மனு எல்லாம் இங்கேதான். கொலை வழக்கும் பெரிய சொத்து வழக்கும் மேலே இருக்கும் சர்க்யூட் கோர்ட்டுக்குப் போகும். சாதாரண மனிதன் தன் வாழ்நாளில் ஒரு நீதிபதியின் முகத்தைப் பார்த்தால் அது பெரும்பாலும் மாவட்ட நீதிபதியின் முகமாகத்தான் இருக்கும்.

தெரிந்த மாணவன் ஒருவனுக்குத் துணையாக லூயிவில் நகரத்திலிருந்து தள்ளியிருக்கும் ஒரு கிராமப்புறக் கவுன்டிக்கு (மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பிரிவு) ஒருமுறை போயிருக்கிறேன். நெடுஞ்சாலையில் வேகமாகப் போய்ப் பிடிபட்டவன். காரில் இன்ஷூரன்ஸ் சீட்டும் இல்லை. “அண்ணா, விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமா?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். சதுக்கத்தின் நடுவில் மணிக்கூண்டோடு பழைய கோர்ட் கட்டடம். ஆனால் கோர்ட் அங்கே இல்லை. பக்கத்தில் புதிதாகக் கட்டிய செங்கல் கட்டடத்தில், பெல்ட்டைக் கழற்றச் சொல்லும் சோதனை வாசலுக்கு அப்பால் இருந்தது. பழைய கட்டடத்தில் இப்போது வாகனப் பதிவும் கவுன்டி அலுவலகங்களும் நடக்கின்றன.

உள்ளே எழுபது எண்பது பேர். பெயின்ட் பட்ட பூட்ஸோடு வேலைக்கு நடுவில் வந்தவர்கள், மடியில் குழந்தையோடு ஓர் இளம்பெண், ஆக்ஸிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு ஒரு கிழவர். சுவரில் ஒரு திரை. சிறையில் இருப்பவர்கள் ஆரஞ்சு உடையில் ஒவ்வொருவராக அதில் தோன்றி, பெயரைச் சொல்லி, ஜாமீன் தொகையைக் கேட்டுக்கொண்டு மறைந்தார்கள். பெரும்பாலோருக்கு வக்கீல் இல்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் நீதிபதி, ஆளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்துத்தான் பேசினார். இன்ஷூரன்ஸ் சீட்டைக் காட்டியதும் அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தார். வேகத்துக்கு ஒரு சாலைப் பாதுகாப்பு வகுப்பு. முடிந்தது. பையனுக்கு வியர்த்திருந்தது.

வெளியே வரும்போது கதவருகே காவலுக்கு நின்ற பெயிலிஃப், நம்ம ஊர் டவாலி மாதிரி, ஓய்வுபெற்ற வயதுக்காரர், பேச்சுக் கொடுத்தார். எந்த நாடு என்று கேட்டார். பிறகு தானாகவே சொன்னார்: தன் அப்பா காலத்தில் இதற்கெல்லாம் இவ்வளவு தூரம் வந்து காத்திருக்க வேண்டியதில்லை, கவுன்டி ஜட்ஜை முடிவெட்டும் கடையிலேயே பார்த்து விஷயத்தைச் சொல்லிவிடலாம். அவர் அதை ஏக்கத்தோடுதான் சொன்னார். எனக்குக் கேட்கவே பயமாக இருந்தது.

ரோடு போட்டவரே தண்டனையும் கொடுத்தார்

பெயிலிஃப் சொன்னது மிகையில்லை. 1891இன் அரசியல் சாசனத்தின்படி கென்டக்கியின் கவுன்டி ஜட்ஜ் ஒரே நேரத்தில் கவுன்டியின் நிர்வாகத் தலைவரும் நீதிபதியும். பாலத்துக்கு டெண்டர் விடுவதும் அவர், திருட்டுக் கோழி வழக்கை விசாரிப்பதும் அவர். அவருக்குக் கீழே ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்ற சமாதான நீதிபதிகள். நகரங்களில் தனியாகப் போலீஸ் கோர்ட். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊருக்குச் சொந்தம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தம் கிடையாது. இவர்களில் பலருக்குச் சட்டப் படிப்பு தேவையில்லை. தேர்தலில் ஜெயித்தால் போதும். நம் பக்கத்திலும் வெள்ளைக்காரன் காலத்தில் மிராசுதார்கள் கௌரவ மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்து அபராதம் போட்டார்கள். ஆனால் அவர்களை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை.

ஓஹையோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஓஹையோ மாநிலத்தில், இது எவ்வளவு தூரம் போனது என்பதற்கு 1927இன் வழக்கு ஒன்று உண்டு. சின்சினாட்டி அருகே நார்த் காலேஜ் ஹில் என்ற ஊரில் மேயரே நீதிபதி. மதுவிலக்குக் காலத்தில் சாராயம் வைத்திருந்த ஒருவருக்கு அவர் 100 டாலர் அபராதம் போட்டார். குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னால் மேயருக்குச் செலவுத்தொகையாக 12 டாலர் கிடைக்கும். விடுதலை செய்தால் ஒன்றும் இல்லை. அபராதத்தில் ஒரு பங்கு ஊரின் கஜானாவுக்கும் போகும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைக் கூடாது என்றது. மேயர் தன் பைக்கு வாங்குவது நின்றது. மேயர் நீதிமன்றங்கள் நிற்கவில்லை. ஓஹையோவில் அவை இன்றும் நடக்கின்றன.

வியாழக்கிழமை இரவு ஏழு மணி

மாமாவின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்த இடம் லிஞ்ச். கென்டக்கியின் தென்கிழக்கு மூலையில் ஹார்லன் கவுன்டியில், மலை இடுக்கில் இருக்கும் நிலக்கரி ஊர். யு.எஸ். ஸ்டீல் கம்பெனியின் துணை நிறுவனம் தன் சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய ஊர் அது. 1974இல் அதன் போலீஸ் கோர்ட் நீதிபதி சி.பி. ரஸ்ஸல். அவர் சுரங்கத் தொழிலாளி. சட்டம் படித்தவரில்லை.

அந்த ஜூலையில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக நார்த் என்பவரைப் பிடித்தார்கள். விசாரணை வியாழக்கிழமை இரவு ஏழு மணிக்கு, நகர மண்டபத்தில். நான் குற்றம் செய்யவில்லை, எனக்கு ஜூரி விசாரணை வேண்டும் என்று அவர் கேட்டார். ரஸ்ஸல் மறுத்துவிட்டார். குற்றவாளி என்று தீர்மானித்து முப்பது நாள் சிறை, 150 டாலர் அபராதம், ஓட்டுநர் உரிமம் ரத்து. இதில் பிரச்சினை என்னவென்றால், ஜூரி கேட்பது அவருடைய சட்ட உரிமை. அதைவிட முக்கியம், முதல் முறை பிடிபட்டவனுக்கு அன்றைய கென்டக்கி சட்டத்தில் அபராதம் மட்டும்தான். சிறை கிடையவே கிடையாது. சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை.

நார்த் எதிர் ரஸ்ஸல் என்ற பெயரில் இது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டம் தெரியாத ஒருவர் ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பலாமா என்பதுதான் கேள்வி. 1976 ஜூனில் வந்த தீர்ப்பு: அனுப்பலாம். தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய தீர்ப்பின் தர்க்கம் இப்படிப் போகிறது. தண்டனை பிடிக்காவிட்டால் மேலே சர்க்யூட் கோர்ட்டில், சட்டம் படித்த நீதிபதி முன்னால், வழக்கை முதலிலிருந்து மறுபடி நடத்திக்கொள்ள உரிமை இருக்கிறது, எனவே அநியாயமில்லை. மேலும் சொந்த ஊரிலேயே, வேலை நேரம் முடிந்த பிறகு விசாரணை நடப்பது மக்களுக்கு வசதிதானே. பாட்டர் ஸ்டூவர்ட் மாறுபட்டு எழுதினார். தர்குட் மார்ஷல் அவரோடு சேர்ந்துகொண்டார். ஜூரி மறுப்பையும் சட்டத்தில் இல்லாத சிறைத் தண்டனையையும் சுட்டிக்காட்டியவர் ஸ்டூவர்ட்தான். மேலே போய் மறுவிசாரணை கேட்கலாம் என்பது கீழே நடப்பதைச் சரிசெய்துவிடாது என்பது அவர் வாதம்.

பர்கர் சொன்ன வசதியை நான் கேலி செய்ய மாட்டேன். அந்தக் காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் பெயின்ட் பூட்ஸோடு நின்றவருக்கு அன்று அரைநாள் கூலி போயிருக்கும். இரவு ஏழு மணி என்பது அவருக்குப் பெரிய விஷயம். ரஸ்ஸலும் கெட்டவர் என்று நினைக்க என்னிடம் காரணம் இல்லை. பகலெல்லாம் நிலக்கரி வெட்டிவிட்டு இரவில் ஊருக்காக உட்கார்ந்தவர். ஆனால் மேல்முறையீடு செய்யலாம் என்று தெரிந்தவனுக்குத்தான் மேல்முறையீடு. “முப்பது நாள்” என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனவர்களின் வழக்கு எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. நார்த்துக்கு வாதாட ஆள் கிடைத்ததால்தான் லிஞ்ச் நமக்குத் தெரிகிறது.

என்னை நிறுத்தியது தேதிதான். உச்ச நீதிமன்றம் பரவாயில்லை என்றது 1976 ஜூனில். கென்டக்கி மக்கள் பரவாயில்லை என்று விட முடியாது என்று ஓட்டுப் போட்டுவிட்டது 1975 நவம்பரில். ஜூலியன் கேரல் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அதே தேர்தலில், நீதித்துறை பற்றிய சாசனப் பகுதியை முழுசாக மாற்றும் திருத்தமும் மக்கள் முன் இருந்தது. அது ஜெயித்தது. வாஷிங்டனில் இருந்த எட்டு பெரிய நீதிபதிகள் (ஒன்பதாமவர் அந்த வழக்கில் கலந்துகொள்ளவில்லை) ஆறுக்கு இரண்டு என்று முடிவெடுப்பதற்கு ஏழு மாதம் முன்னாலேயே மாமாவின் மளிகைக் கடைக்காரர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

திருத்தம் என்ன செய்தது

மாநிலத்தின் நீதி அதிகாரம் முழுவதும் ஒரே நீதிமன்ற அமைப்புக்கு மட்டும் என்று எழுதினார்கள். மேலே ஏழு பேர் கொண்ட உச்ச நீதிமன்றம், அடுத்து புதிதாக ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், பிறகு சர்க்யூட், கடைசியில் மாவட்டம். மேல் படிகள் 1976இலேயே மாறின. மாவட்ட நீதிமன்றங்கள் 1978 ஜனவரியில் கதவு திறந்தன. அன்றோடு கவுன்டி ஜட்ஜ், சமாதான நீதிபதி, போலீஸ் ஜட்ஜ் எல்லோருடைய நீதி அதிகாரமும் போனது. கவுன்டி ஜட்ஜ் பதவி மட்டும் நிர்வாகப் பதவியாகத் தங்கிவிட்டது. இன்றைக்கும் ரோட்டில் பள்ளம் என்றால் ‘ஜட்ஜ்’ என்று அழைத்துத்தான் அவரிடம் முறையிடுகிறார்கள்.

மாவட்ட நீதிபதி வழக்கறிஞராக இருந்தே ஆக வேண்டும் என்ற விதி எல்லோர் கண்ணிலும் படும். என் கணக்கில் அதைவிடப் பெரியது பணம். சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து. எத்தனை பேரைத் தண்டித்தோம், ஊர் கஜானாவில் எவ்வளவு சேர்ந்தது என்பதற்கும் அந்த நாற்காலிக்கும் இருந்த தொடுப்பு அறுந்தது. நான் பார்த்த அந்த நீதிபதி மாணவனை வகுப்புக்கு அனுப்பிவிட்டு அபராதத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அடுத்த பெயரைக் கூப்பிட முடிந்தது அதனால்தான். சட்டம் படித்தவர் எவரும் பேராசைக்காரராக இருக்கலாம். அவருடைய வீட்டுச் செலவு தீர்ப்பிலிருந்து வராதபடி அமைப்பைக் கட்டுவதுதான் சாமர்த்தியம்.

வேறு மாநிலங்களும் இந்தக் கணக்கைத் தங்கள் வழியில் போட்டிருக்கின்றன. கலிஃபோர்னியாவில் சிறைத் தண்டனை வரக்கூடிய வழக்கைச் சட்டம் படிக்காதவர் விசாரிக்கக் கூடாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றமே 1974இல் சொல்லிவிட்டது. மீதியை ஓட்டுச் சீட்டு செய்தது: 1994இல் கிராமப்புற ஜஸ்டிஸ் கோர்ட்டுகள் போயின, 1998இல் கவுன்டிதோறும் நீதிபதிகளே ஓட்டுப் போட்டு மேல், கீழ் என்றிருந்த இரண்டு விசாரணை நீதிமன்றங்களை ஒன்றாக்கிக்கொள்ளலாம் என்ற திருத்தம் வந்தது, 2001க்குள் 58 கவுன்டிகளும் இணைந்துவிட்டன. நியூயார்க்கின் சிற்றூர்களிலோ சட்டம் படிக்காத நீதிபதிகள் இன்னும் மாலை நேரத்தில் நகர மண்டபத்தில் உட்கார்கிறார்கள். அங்கே போக்குவரத்து விதிமீறலுக்கு டிக்கெட் வாங்கிய நம்மவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

கென்டக்கியின் 1975 திருத்தத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன உட்பிரிவு. சில மலைக் கவுன்டிகளில் மாவட்ட நீதிபதி யாரும் குடியிருக்க மாட்டார். அங்கே ஒரு விசாரணை ஆணையரை நியமிக்க வேண்டும். அவர் அந்தக் கவுன்டிவாசியாக இருக்க வேண்டும். தகுதியுள்ள வழக்கறிஞர் கிடைத்தால் அவர் வழக்கறிஞராக இருக்க வேண்டும். கிடைத்தால்! 120 கவுன்டிகள் உள்ள மாநிலத்தில் வக்கீலே இல்லாத ஊர் இருக்கும் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. கொள்கையை விட்டுக்கொடுக்காமல், அதே சமயம் ராத்திரி கைதான ஒருவன் ஜாமீனுக்காக மலை தாண்டிப் போகாமல் இருக்க ஒரு சந்து வைத்தார்கள்.

இரண்டு ஆண்டா, எட்டு ஆண்டா

இப்போது 2020க்கு வருகிறேன். நான் ஏன் இல்லை என்றேன் என்பதை அந்த உட்பிரிவை வைத்துத்தான் சொல்ல முடியும். இரண்டு ஆண்டு அனுபவம் குறைவு என்பது உண்மை. இருபத்தெட்டு வயதில் ஒருவர் ஜாமீன் தொகையை நிர்ணயிப்பது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் வக்கீல்களே அருகிப்போன கவுன்டிகளில் எட்டு ஆண்டு என்று வைத்தால் போட்டிக்கு ஒரே ஆள்தான் நிற்பார். அந்த ஒரே ஆளை எட்டு வருடம் அசைக்க முடியாது என்றும் சேர்த்து வைத்தால் அது பழைய கவுன்டி ஜட்ஜின் வாசனை அடிக்கிறது. அந்தக் கூடத்தில் நின்றவர்களுக்கு வக்கீல் இல்லை, மேல்முறையீட்டுக்குப் பணம் இல்லை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஓட்டு ஒன்றுதான் அந்த நீதிபதி மேல் அவர்களுக்கு உள்ள பிடி. அதை எட்டாக்குவதற்கு அவர்களிடம் ஒப்புதல் கேட்டார்கள், அவர்கள் தரவில்லை.

எதிர்த்தரப்பு வாதமும் லேசானதல்ல. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தலைச் சந்திக்கும் நீதிபதி, ஜாமீன் கொடுக்க வேண்டிய இடத்தில் பத்திரிகைத் தலைப்பை நினைத்து நடுங்குவார் என்கிறார்கள். நடுங்கலாம். அதற்கு நீண்ட பதவிக்காலம் மருந்து என்றால் அதைத் தனிக் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டும். அரசு வழக்கறிஞரின் பதவியையும் நீதிபதியின் தகுதியையும் ஒரே மூட்டையில் கட்டிக் கொண்டுவந்தால், மூட்டையோடு திருப்பி அனுப்புவதைத் தவிர வாக்காளனுக்கு வேறு வழி என்ன? கென்டக்கியில் மக்களாகவே கையெழுத்து சேகரித்துத் திருத்தம் கொண்டுவர முடியாது. சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவோடு வருவதற்கு ஆம், இல்லை சொல்லலாம், அவ்வளவுதான்.

மாமா விடவில்லை. 1966இல் முழுப் புது அரசியல் சாசனத்தையே கென்டக்கி மக்கள் பெரிய வித்தியாசத்தில் நிராகரித்தார்கள் என்று நான்தான் ஒருமுறை சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டார். “அன்றைக்கே சம்மதித்திருந்தால் உன் நிலக்கரி ஜட்ஜ் 1974 வரை உட்கார்ந்திருப்பாரா?” என்றார். நியாயமான கேள்விதான். புது வீடே கட்டித் தருகிறோம் என்றபோது சந்தேகப்பட்டார்கள், ஒழுகுகிற கூரையை மாற்றலாம் என்றபோது சம்மதித்தார்கள் என்றேன். அதற்குள் எத்தனை பேர் நனைந்தார்கள் என்று அவர் கேட்டார்.

2025 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம். 2002இல் எடுத்துவிட்ட நிபந்தனை திரும்ப வந்துவிட்டது. மாமா மறுநாளே கூப்பிட்டார். “பார்த்தாயா, நீங்கள் ஊரைக் கூட்டி ஓட்டெடுத்தும் முடிக்காததை இங்கே ஒரே நாளில் முடித்துவிட்டார்கள்.” தீர்ப்பு சரி என்பதில் எனக்கும் அவருக்கும் வேறுபாடு இல்லை, கல்லூரியிலிருந்து நேராக நாற்காலிக்கு வருவதை அவர் எப்போதும் விரும்பியதில்லை. அப்படியானால் 2002இல் அதே நீதிமன்றம் அந்த நிபந்தனையை எடுத்தபோது உங்களை யாராவது கேட்டார்களா என்றேன். கொஞ்ச நேரம் வக்கீல் சங்கத் தீர்மானம், மனு என்று ஏதேதோ சொன்னார். பிறகு, சீனியரிடம் மாதம் ஐயாயிரம் வாங்கிக்கொண்டு மூன்று வருஷம் தள்ள வேண்டிய கிராமத்துப் பெண்கள் என்ன செய்வார்கள் என்று அவரே ஆரம்பித்துவிட்டார். அவருடைய ஜூனியர்களில் இரண்டு பேர் அந்த நிலையில் இருக்கிறார்களாம்.